குசினி அலுமாரிக்குள் பிளக் பெட்டி

சிறிய குசினியில் சுவரோடு அலுமாரி அடித்து முடிந்த பின்னர்தான், கேத்திலுக்கும் றைஸ் குக்கருக்கும் பிளக் எங்கே என்று யோசிக்கிறோம். அவசரத்தில் எக்ஸ்ரென்சன் வயர் ஒன்றை அலுமாரிக்குள்ளால் இழுத்துவிடுகிறோம். அது சூடேறி உருகினாலும் வெளியே தெரியாது.

பிளக் பெட்டியை அலுமாரியின் பின்பலகையில் பூட்டலாகாது. பிளக்கை இழுக்கும்போதெல்லாம் மெல்லிய பலகை ஆடும். ஆட ஆட வயர் முனைகள் தளரும். தளர்ந்த இடத்தில்தான் சூடும் தீப்பொறியும் பிறக்கின்றன. பலகையை அளவாக வெட்டி, பின்னாலுள்ள கற்சுவரில் குழி எடுத்துப் பெட்டியை அதில் இறுக்கவேண்டும்.

25 மில்லிமீற்றர் ஆழப் பெட்டியைவிட 35 மில்லிமீற்றர் பெட்டி நல்லது. 13 அம்பியர் சொக்கற்றுக்கு வரும் 7/0.67 வயர் தடித்தது. ஆழமில்லாத பெட்டியில் மடித்துத் திணித்தால் உறை நசியும். குழி எடுக்க முடியாவிட்டால் சுவரின் மேலே பூட்டும் பெட்டியே போதும், அழகு குறைந்தாலும் பாதகமில்லை.

முன்பக்கத்தையும் அளக்கவேண்டும். செருகிய பிளக்கில் லாச்சி இடிக்கக்கூடாது.

காஸ் சிலிண்டர் நிற்கும் தட்டில் பிளக் வேண்டவே வேண்டாம். கசியும் காஸ் காற்றைவிடப் பாரமானது, கீழேயே தேங்கும்; சுவிச்சின் சிறு பொறி போதும். தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளியே வைக்கவேண்டும்.

இணைப்பை மெயின் சுவிச்சை நிறுத்தியபின் தகைமையுள்ள மின்பணியாளரே செய்யட்டும். இடத்தை அளந்து அடையாளமிட்டு வைப்பது எங்கள் வேலை. பச்சை மஞ்சள் ஏர்த் வயரைப் பூட்டுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பின்னர் 30 மில்லிஅம்பியர் றிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது விழாவிட்டால், திருத்தும்வரை அந்தப் பிளக்கில் எதையும் செருகவேண்டாம்.