எது முந்தையது? ஃப்ரீபிஎஸ்டி கண்ட வழி

மென்பொருளில் பழுது என்று யாராவது எழுதினால், பராமரிப்பவர் முதலில் கேட்பது "உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு?" என்பதைத்தான். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் 2008 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் இதற்கு எளிதாகப் பதில் சொல்ல முடிந்தது. அதன் மூலநிரல் சப்வெர்ஷன் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்தது. நடுவில் ஒரே சர்வர். யார் திருத்தம் அனுப்பினாலும் அடுத்த எண்ணைப் போட்டுவிடும். பழுது நீங்கியது 368000-இல், அதே கிளையில் உங்களிடம் இருப்பது 367500 என்றால், திருத்தம் இன்னும் உங்களுக்கு வரவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

2020 டிசம்பரில் மூலநிரல் கிட் என்ற வேறொரு பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு மாறியது. கிட்டில் வழக்கமாக ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் இருக்கும். இணையம் இல்லாமலே கமிட் செய்யலாம், அதாவது திருத்தத்தைப் பதிவு செய்யலாம். அப்படியிருக்க, அடுத்த எண்ணை யார் கொடுப்பது? யாராலும் முடியாது. அதனால் கோப்புகள், எழுதியவர், நேரம், முந்தைய கமிட் எல்லாவற்றையும் வைத்துக் கணக்கிட்டு, 40 குறிகள் கொண்ட ஹாஷ் ஒன்றை ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட் தருகிறது. கைரேகை மாதிரி, ஆளை அடையாளம் காட்டும். இருவரில் மூத்தவர் யார் என்று சொல்லாது.

இழந்த வரிசையை ஃப்ரீபிஎஸ்டிக்காரர்கள் எண்ணியே மீட்டார்கள். ஒரு கமிட்டிலிருந்து பின்னோக்கி நடந்து, வழியில் வேறு கிளையின் இணைப்பு வந்தால் முதல் பெற்றோரை (இணைப்பு நடந்த கிளையின் முந்தைய கமிட்டை) மட்டும் பிடித்துக்கொண்டு, தொடக்கம்வரை எத்தனை கமிட் என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு முன்னால் 'என்' என்ற எழுத்து, அதற்கு முன் கிளையின் பெயர், பின்னால் சுருக்கிய ஹாஷ். யூநேம் கட்டளை கொடுத்தால் மூன்றும் ஒரே வரியில் வரும். எண் வரிசையைச் சொல்கிறது, ஹாஷ் ஆளைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

பழைய எண்களையும் அவர்கள் எறிந்துவிடவில்லை. பழைய கமிட்டுகளோடு அவை குறிப்புகளாக ஒட்டியிருக்கின்றன. ஆனால் சாதாரணமாக குளோன் செய்து நகல் எடுத்தால் குறிப்புகள் வராது. தனியாகக் கேட்டு இறக்க வேண்டும். மாற்றத்துக்குப் பிந்தைய பாதுகாப்பு அறிவிப்புகளில், 12-ஆம் கிளைக்கு சப்வெர்ஷன் எண்ணும் 13-ஆம் கிளைக்கு ஹாஷும் எண்ணிக்கையும் ஒரே அட்டவணையில் நிற்பதைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணிக்கை அந்தந்தக் கிளைக்குள் மட்டுமே செல்லும். இன்னொன்று: இடத்தை மிச்சப்படுத்த, கடைசிச் சில கமிட்டுகளை மட்டும் இறக்கிக்கொண்டவர்களிடம் எண்ணுவதற்கு முழு வரலாறு இருக்காது. தப்பான எண்ணைக் காட்டுவதைவிட மேல் என்று, அங்கே பில்ட் ஸ்கிரிப்ட் எண்ணிக்கையை விட்டுவிட்டு கிளையின் பெயரையும் ஹாஷையும் மட்டும் எழுதுகிறது.