நித்திரையில் பிள்ளையின் ஒட்சிசன்

ரோச் லைற்றைப் பிடித்துக்கொண்டு, நித்திரையிலிருக்கும் பிள்ளையின் உதடு நீலம் பாய்கிறதா என்று இரவில் மூன்று நான்கு தடவை எழுந்து பார்க்கும் தாய்மாரை நாம் சந்தித்திருக்கிறோம். பிறவியிலேயே இருதயக் குறைபாடுள்ள பிள்ளைகளின் தாய்மார் அவர்கள். ஆனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. மங்கிய வெளிச்சத்தில், எம்மவரின் கருநிறத் தோலில், நீலம் தெரியுமுன்பே ஒட்சிசன் வெகுவாகக் குறைந்திருக்கும்.

இதனை அளப்பதற்கே 'பல்ஸ் ஒக்சிமீற்றர்' என்ற சிறு கருவி இருக்கிறது. 1974 இல் இதற்கு அடிகோலியவர் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி. விரலினூடாகவோ பாதத்தினூடாகவோ ஒளியைச் செலுத்தி, குருதியில் ஒட்சிசன் நூற்றுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும். ஊசியும் இல்லை, நோவும் இல்லை.

சுகமான பிள்ளைக்கு இந்த எண் பொதுவாக 95 அல்லது அதற்கு மேல் இருக்கும். ஆனால் எல்லாக் கிணற்றிலும் ஒரே நீர்மட்டமா? இருதயத்தின் ஒரு பக்க அறை வளராமற் பிறந்து, முதற் சத்திரசிகிச்சை முடிந்த கைக்குழந்தையிடம் வைத்தியர்கள் எதிர்பார்ப்பதே 75 முதல் 85 வரைதான். ஆகவே அயல்வீட்டுப் பிள்ளையின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் பிள்ளைக்குரிய எண் எது, எதற்குக் கீழே போனால் ஓடிவர வேண்டும் என்று கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 2000 ஆம் ஆண்டு முதல் இத்தகைய குழந்தைகளை இந்தக் கருவியோடும் ஒரு தராசோடும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் நாள்தோறும் எழுதிவைத்தனர். எண் 70 இற்குக் கீழே போனாலோ, ஒரே நாளில் 30 கிராம் நிறை குறைந்தாலோ, மூன்று நாளில் 20 கிராமாவது கூடாவிட்டாலோ அழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு சத்திரசிகிச்சைகளுக்கு இடையிலான மரணங்கள் குறைந்தன. கருவியை விட அந்தக் கொப்பிதான் கூடுதலாக வேலை செய்தது என்பது எமது எண்ணம்.

நித்திரையில் மூச்சு ஆழம் குறைவதால் எண் சற்று இறங்குவது இயல்பு. குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று எண் விழுமானால் அது வேறு கதை. டவுன் சின்ட்றோம் உள்ள பிள்ளைகளில் இது அதிகம். இதற்காகவே சில பிள்ளைகளுக்கு இரவு முழுவதும் கருவியைக் கட்டிப் பதிவெடுக்கிறார்கள். காலை உதறினாலும், பாதம் குளிர்ந்திருந்தாலும் கருவி பிழையாகக் காட்டும். பாதத்தைச் சூடாக்கி மீண்டும் பாருங்கள். பெரியவர்களின் விரற் கவ்வி கைக்குழந்தைக்குப் பொருந்தாது.

இன்னொன்று: கருநிறத் தோலில் கருவி உள்ளதை விடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. எனவே எண் நன்றாயிருந்தும் பிள்ளை மூச்சிரைத்தால், பால் குடிக்கையில் வியர்த்தால், சோர்ந்து கிடந்தால் காத்திராதீர்கள். வீட்டில் ஒட்சிசன் சிலிண்டர் இருந்தால், வைத்தியர் சொன்ன அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். சில குறைபாடுகளில் அது நுரையீரலுக்கு அளவுக்கு மீறிக் குருதியை இழுத்துவிடும்.

'ஃபலோ' என்னும் குறைபாடுள்ள பிள்ளை விடியற்காலையில் எழுந்து அழும்போது திடீரென நீலமாகலாம். முழங்கால்களை நெஞ்சோடு மடித்து அணைத்தபடி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.