நடுக்கடலில் கொதிக்கும் பழைய படகு இன்ஜின்... கோளாறை எங்கே தேடுவது?

ஜூன் 14 நள்ளிரவோடு கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. 61 நாள்கள் கரையில் நின்ற விசைப்படகுகள் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. படகில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கும் நேரத்தில், டெம்பரேச்சர் முள் மெல்ல மெல்ல சிவப்பை நோக்கி ஏறத் தொடங்கும்!

ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தியில் கடல் கிடையாது. ஆனால், கிணற்று மேட்டில் டீசல் இன்ஜின் ஓட்டிய விவசாயிக்கு இந்தப் பதற்றம் புரியும். இறைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இன்ஜினைச் சுற்றிவந்து, சூட்டை வாங்கிக்கொண்டு சிறு குழாய் வழியே வெளியே விழும். அந்தத் தண்ணீர் நின்றால் ஓடிப்போய் இன்ஜினை நிறுத்துவார்கள். கிணற்று மேட்டில் இன்ஜின் நின்றால் பாய்ச்சல்தான் நிற்கும். கடலில் நின்றால், படகு காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் போகும். ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மீனவர்களுக்கு அந்தப் பக்கம் சர்வதேசக் கடல் எல்லையாகவும் இருக்கலாம். எல்லை தாண்டினால் கைது, படகு பறிமுதல். ஒரு சின்ன ரப்பர் துண்டு பழுதானதற்கு இவ்வளவு பெரிய விலை!

சூடு எப்படி வெளியேறுகிறது?

நம்மூர் விசைப்படகுகளில் பல, லாரி இன்ஜினைக் கடலுக்கேற்ப மாற்றிய வகையைச் சேர்ந்தவை. லாரிக்கு ரேடியேட்டரும் காற்றும். படகுக்குக் கடல்நீர். அடித்தளத்து வால்வு வழியாக நுழையும் கடல்நீர், ஃபில்டரைக் கடந்து பம்புக்கு வரும். பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் அதை ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குத் தள்ளும். அங்கே மெல்லிய குழாய்களுக்குள் கடல்நீர், வெளியே இன்ஜினின் நன்னீர். இரண்டும் கலக்காமலே சூடு மட்டும் கைமாறும். பிறகு கடல்நீர் படகுக்கு வெளியே கொட்டிவிடும்.

இன்னும் பழைய இன்ஜின்கள் சிலவற்றில் கடல்நீரே நேரடியாக இன்ஜினுக்குள் ஓடும். சூடு கூடினால் உப்பு வேகமாகப் படியும் என்பதால், அவற்றில் தெர்மோஸ்டாட் சுமார் 60 டிகிரியிலேயே திறக்கும்படி வைத்திருப்பார்கள்.

முதலில் வெளியே எட்டிப் பாருங்கள்

முள் ஏறினால் வேகத்தைக் குறைத்துவிட்டு, கடல்நீர் வெளியே கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

தண்ணீர் வரவில்லை என்றால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள். கோளாறு கடல்நீர்ப் பாதையில்தான். வரிசையாகத் தேடலாம்.

* வால்வு திறந்திருக்கிறதா? பிளாஸ்டிக் பை, பாசி, கொட்டலசு வாயை அடைத்திருக்கிறதா?
* வால்வை மூடிவிட்டு ஃபில்டரைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். மூடாமல் திறந்தால் படகுக்குள் தண்ணீர் ஏறும். மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால், பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.
* ஹோஸ் பைப் வெடித்தோ, உள்ளே சுருங்கியோ இருக்கிறதா? பம்ப் பெல்ட் தளர்ந்திருக்கிறதா?
* கடைசியாக இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். இறக்கைகள் உடைந்திருந்தால் துண்டுகளை எண்ணித் தேடி எடுக்க வேண்டும். தப்பிய துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரில் போய் அடைத்துக்கொள்ளும்.

தண்ணீர் வருகிறது, சூடும் ஏறுகிறதா?

அப்படியென்றால் சந்தேகம் உள்பக்கம் திரும்ப வேண்டும். நன்னீர் குறைந்திருக்கலாம். இன்ஜின் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடலாம்.

வேகமாக ஓட்டும்போது மட்டும் சூடேறினால், ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களில் படிவு ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போர்வெல் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே கதைதான். நன்னீர்ப் பக்கம் உப்புத் தண்ணீர் ஊற்றினால் அந்தப் பக்கமும் படியும். கூலன்ட் கலந்த சுத்தமான நீர்தான் சரி. படகின் அடியிலும் புரொப்பல்லரிலும் கொட்டலசு ஒட்டி, இன்ஜினுக்குச் சுமை கூடினாலும் இப்படிச் சூடேறும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க அடுப்பங்கரை போதும். பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டி அது திறக்க வேண்டும். கொதித்தும் திறக்காவிட்டால் புதிது மாற்றுங்கள்.

நன்னீர்த் தொட்டியில் விடாமல் குமிழி, புகைபோக்கியில் வெள்ளைப் புகை, ஆயில் பால்போல மாறுவது... இவை ஹெட் கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள். அதற்கு மேல் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

தடைக்காலமே எதிரியாகலாம்

இரண்டு மாதம் சும்மா நிற்கும்போது, பம்புக்குள் மடங்கிக் கிடக்கும் ரப்பர் இறக்கைகள் அப்படியே வளைந்து இறுகிவிடும். குழாய்க்குள் தங்கிய கடல்நீர் காய்ந்து உப்பாகும். அதனால், படகைக் கரையில் நிறுத்தும்போதே நல்ல தண்ணீர் விட்டுக் கடல்நீர்ப் பாதையைக் கழுவ வேண்டும். இம்பெல்லரைக் கழற்றிவைத்தால் இன்னும் நல்லது. அரிப்பிலிருந்து கூலரைக் காக்கும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

கிளம்பும்போது ஓர் உதிரி இம்பெல்லர், பெல்ட், ஹோஸ், கிளாம்ப், ஒரு கேன் நன்னீர் படகில் இருக்கட்டும். இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் கைவிட்டால், முதல் வேலை நங்கூரம் போட்டுப் படகு நகராமல் பார்ப்பது. அடுத்தது, வி.ஹெச்.எஃப் ரேடியோவில் பக்கத்துப் படகுகளை அழைப்பது. சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்கு அழையுங்கள்.

டெம்பரேச்சர் முள்ளைப் பார்ப்பது டிரைவர் வேலை மட்டுமல்ல. வெளியே கொட்டும் அந்தத் தண்ணீரை, படகில் இருக்கும் எல்லோருமே ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம். கரையில் ஒரு வீடு காத்திருக்கிறதே!