வெந்நீர்க் குழாயும் தீவுப் பாதையும்

குளிர் நாடாகிய இங்கிலாந்தில் உருவான ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் யாழ்ப்பாணத் தெருக்களிலே நெடுங்காலம் ஓடின. அத்தகைய வண்டிகள் சிலவற்றில் வெப்பமூட்டியும் உண்டு. எஞ்சினில் சூடேறிய நீர் ஓர் இறப்பர்க் குழாய் வழியே அதனுட் சென்று, மற்றொரு குழாயால் நீர்ப் பம்பியின் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்பும்.

புங்குடுதீவு வெயிலில் வெப்பமூட்டிக்கு வேலையில்லை. ஆயினும் அதன் குழாய்களைக் கவனியாது விடலாகாது. அவற்றில் ஓடுவதும் எஞ்சினின் நீரே. ஒன்று வெடித்தால், வேலணைத் தாம்போதியின் நடுவே, இருமருங்கும் கடலிருக்க, எஞ்சின் நீரின்றித் தவிக்கும். கடல்நீரோ உலோகத்தை அரித்துவிடும்.

ஆதலின் வெப்பமூட்டியை நீக்குவோர், எஞ்சின் ஆறிய பின், இரு வாய்களையும் ஒரே குழாயால் இணைத்து, கிளிப்பிட்டு இறுக்குதல் நன்று. பின்னர் உவர்க் கிணற்று நீரை விடுத்து நன்னீரே ஊற்றுதல் வேண்டும்.