திறக்காத பீருக்கும் ஆயுள் ஆறு மாதம்: கணக்கில் கொள்ளாத கலால் கொள்கைகள்

புதுதில்லி: தலைநகரை ஒட்டியுள்ள நொய்டாவில் 2025 மார்ச் இறுதியில் மதுக்கடைகளின் முன் நீண்ட வரிசைகள் காணப்பட்டன. ஒன்று வாங்கினால் மற்றொன்று இலவசம் என்ற அறிவிப்பே அதற்குக் காரணம். உத்தரப் பிரதேச அரசின் புதிய கலால் கொள்கை ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. கடை உரிமங்கள் குலுக்கல் முறையில் புதியவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. நிதியாண்டு முடிந்தபின் மிஞ்சும் சரக்கை விற்க இயலாது என்பதால் பழைய உரிமதாரர்கள் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டனர். பெட்டி பெட்டியாக விஸ்கி வாங்கிச் சென்றவர்களுக்கு அதைத் தீர்க்கும் அவசரம் ஏதுமில்லை. பீர் வாங்கியவர்களின் நிலை வேறு. அதன் கெடு, ஆலையில் பாட்டில் மூடப்பட்ட நாளிலேயே தொடங்கிவிட்டிருந்தது.

திறக்காமல் வைத்திருந்த பழைய பீரைக் குடிக்கலாமா, அதைச் சேமித்து வைப்பதில் பயன் உண்டா என்பது வீட்டு அலமாரியோடு முடிந்துவிடும் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், இந்தியாவில் ஒரு பாட்டில் பீர் எத்தனை நாள் கிடங்கில் கிடக்கிறது என்பதைத் தயாரிப்பவரும் வாங்குபவரும் மட்டும் தீர்மானிப்பதில்லை. மாநில அரசின் கலால் உத்தரவும், மதுவிலக்குச் சட்டமும், சில வேளைகளில் நீதிமன்றமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அந்த முடிவுகளில் ஆறு மாதத்தில் மங்கும் பீருக்கும் ஆண்டுக்கணக்கில் கெடாத ரம்முக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் கருத்தில் கொள்ளப்படுவதில்லை.

நஞ்சாவதில்லை, சுவை கெடுகிறது

முதலில் அறிவியல். மூடி சேதமடையாத பாட்டிலில் உள்ள சாதாரண பீர், காலாவதித் தேதி கடந்த மறுநாளே நஞ்சாகிவிடுவதில்லை. அதில் உள்ள ஆல்கஹால், புளிப்புத்தன்மை, கரியமில வாயு, ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள் ஆகிய நான்கும் சேர்ந்து நோய்க் கிருமிகள் வளர இடம் கொடுப்பதில்லை. ஆலையில் சூடேற்றிக் கிருமி நீக்கப்படுவது மற்றொரு பாதுகாப்பு. ஆல்கஹால் இல்லாத பீருக்கு இப்பாதுகாப்பு குறைவு என்பதால் அதன் தேதியைக் கூடுதல் கண்டிப்புடன் பின்பற்ற வேண்டும்.

கெடுவது சுவைதான். அதற்குக் காரணங்கள் மூன்று: ஆக்சிஜன், வெப்பம், வெளிச்சம். பாட்டிலில் அடைக்கும்போது எஞ்சும் சிறிதளவு ஆக்சிஜனே மாதக்கணக்கில் வேலை செய்து, நனைந்த அட்டைப்பெட்டியை நினைவூட்டும் வாடையைத் தருகிறது. ஹாப்ஸின் மணமும் கசப்பும் மங்குகின்றன. புரதங்கள் திரண்டு அடியில் வண்டலாகப் படிவதும் உண்டு.

வெளிச்சம் இன்னும் விரைவாக வேலை செய்கிறது. வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தகம் கலந்த துர்நாற்றம் உண்டாகிறது. பழுப்பு நிறப் பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கிறது. பச்சை நிறமும் நிறமற்ற கண்ணாடியும் அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. தகர டப்பாவில் வெளிச்சம் நுழையவே வழியில்லை.

வெப்பம் இம்மாற்றங்களை விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதி வினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுக் கணக்கு. 40 டிகிரியைத் தாண்டும் வட இந்தியக் கோடையில், குளிர்வசதி இல்லாத கிடங்கில் இரண்டு மாதம் கிடந்த பீர், குளிர்ந்த அறையில் ஆறு மாதம் இருந்ததைவிட மோசமாக இருக்கலாம். ஆகவே அச்சிட்ட தேதி பாதி உண்மையையே சொல்கிறது. பாட்டில் எங்கு, எப்படி இருந்தது என்பது மீதிப் பாதி.

நாள்பட்டுச் சிறக்கும் வகைகள்

பழைய பீர் சிறந்தது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆல்கஹால் மிகுந்த பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட், பெல்ஜியத்தின் புளிப்பு வகையான கூஸ் போன்றவை சில ஆண்டுகள் நிலவறையில் வைத்திருந்து குடிப்பதற்கென்றே தயாரிக்கப்படுபவை.

இதில் இந்தியாவின் பெயரும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையும், பின்னர் பர்ட்டன் நகர ஆலைகளும் இந்தியாவில் இருந்த ஆங்கிலேயருக்காக ஹாப்ஸ் மிகுந்த பீரை அனுப்பின. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் நீடித்த கப்பல் பயணத்தை அது தாங்கியது. இந்தியா பேல் ஏல் என்று இன்றும் வழங்கப்படுவது அவ்வகைதான்.

எனினும் காலம் எல்லா பீரையும் காப்பதில்லை. பால்டிக் கடலில் ஆலந்து தீவுகளுக்கு அருகே மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து, 1840-களைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பீர் பாட்டில்கள் 2010-இல் மீட்கப்பட்டன. பின்லாந்து ஆய்வாளர்கள் சோதித்தபோது, நுண்ணுயிர்களால் அது கெட்டுப் புளித்துப்போயிருந்தது தெரியவந்தது.

இந்தியச் சந்தையில் ஒரு தவறான புரிதலும் நிலவுகிறது. பாட்டிலில் 'ஸ்ட்ராங்' என்று அச்சிட்டிருப்பதால் அது நாள்படத் தாங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இங்கு பெருமளவில் விற்பனையாகும் ஸ்ட்ராங் பீரும் வடிகட்டிக் கிருமி நீக்கிய லாகர் வகையே. ஆல்கஹால் சற்றுக் கூடுதல் என்பதைத் தவிர, அதைச் சேமித்து வைப்பதால் கிடைக்கும் ஆதாயம் எதுவும் இல்லை.

சட்டம் சொல்வது என்ன?

மது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 8-ஆவது இனம் மதுவின் உற்பத்தி, கையிருப்பு, போக்குவரத்து, விற்பனை ஆகியவற்றையும், 51-ஆவது இனம் அதன் மீதான கலால் வரியையும் மாநிலங்களுக்கு அளிக்கின்றன. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் மனிதர் அருந்தும் மது அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டது.

அதேவேளையில், நாடாளுமன்றம் 2006-இல் இயற்றிய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 'உணவு' என்ற சொல்லுக்கான விளக்கத்தில் மதுபானத்தையும் சேர்த்துள்ளது. காலாவதியான உணவை விற்றால் விற்பனையாளரே பொறுப்பு என்கிறது அச்சட்டத்தின் 27-ஆவது பிரிவு. ஆனால், மதுபானங்களுக்கான தனித் தரவிதிகள் வெளியாக 2018 வரை 12 ஆண்டுகள் ஆயின. அவை 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஒயின் அல்லாத மதுவகைகளில் ஆல்கஹால் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் காலாவதித் தேதி கட்டாயம். இந்திய பீர் பாட்டில்களில் வழக்கமாகக் காணப்படுவது உற்பத்தியிலிருந்து ஆறு மாதம்.

ஆக, பாட்டிலின் உள்ளே இருப்பதன் தரம் மத்திய சட்டத்தின் பொறுப்பு. அது எங்கே, எவ்வளவு நாள் காத்திருக்கிறது என்பது மாநிலத்தின் பொறுப்பு. சிக்கல் எழுவது இந்த இடைவெளியில்தான். தமிழகத்தைப் போல அரசு நிறுவனமே கடை நடத்தும் மாநிலங்களில் விற்பனையாளர் என்ற பொறுப்பும் அரசையே சேர்கிறது.

பிகாரும் பொதுமுடக்கமும்

பிகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு அமலானது. சில நாள்கள் இடைவெளியில் அறிவிப்பு வந்ததால் சரக்கு ஆங்காங்கே தேங்கியது. மாநிலத்தில் மிஞ்சிய பழைய இருப்பை வெளியே கொண்டுசெல்ல மது நிறுவனங்கள் அவகாசம் கோரின. உச்ச நீதிமன்றம் 2017 ஜூலை 31 வரை கெடு அளித்தது. விஸ்கிக்கு அந்த அவகாசம் பயன்பட்டிருக்கும். 2016 மார்ச்சில் தயாராகிச் சிக்கிக்கொண்ட பீர் எதுவாயினும், அதற்குள் ஆறு மாத ஆயுளை இருமடங்குக்கும் மேலாகக் கடந்துவிட்டிருக்கும்.

2020 மார்ச் 25-இல் தொடங்கிய பொதுமுடக்கத்தில் இதே நிலை நாடெங்கும் ஏற்பட்டது. மே 4 அன்று கடைகள் திறக்கும் வரை, பீர் அதிகம் விற்கும் கோடையின் 40 நாள்கள் வீணாயின. மிகவும் பாதிக்கப்பட்டவை, கிருமி நீக்கம் செய்யாத புதிய பீரை விற்கும் சிறு ஆலைகள். குருகிராமிலும் பெங்களூரிலும் பெருகியுள்ள இவ்வாலைகளின் பீருக்கு ஆயுள் சில வாரங்களே. பல லட்சம் லிட்டர் பீரைச் சாக்கடையில் கொட்ட வேண்டியிருக்கும் என்று அப்போது தொழில்துறையினர் கூறினர். புட்டிகளில் நிரப்பிக் கொடுக்க அனுமதி கேட்டவர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு பதில் கிடைத்தது.

வீட்டில் எவ்வளவு வைக்கலாம்?

சேமிக்க விரும்புவோருக்கும் சட்ட வரம்பு உண்டு. தில்லியில் 25 வயது நிறைந்த ஒருவர் 18 லிட்டர் வரை பீர், ஒயின் வகைகளையும், 9 லிட்டர் வரை விஸ்கி, ரம் போன்றவற்றையும் வைத்திருக்கலாம். வீடொன்றில் 132 பாட்டில்கள் கண்டெடுக்கப்பட்டுப் பதிவான வழக்கை, அக்கூட்டுக் குடும்பத்தில் 25 வயதைக் கடந்தவர்கள் ஆறு பேர் இருந்ததைச் சுட்டிக்காட்டி தில்லி உயர் நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. அதே பாட்டில்கள் பிகாரில் இருந்திருந்தால் ஒன்றே ஒன்றுக்கும் வழக்கு வரும். அளவுக்கு வரம்பு வைக்கும் கலால் விதிகள், பாட்டிலின் வயதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

வாங்குவோர் செய்யக்கூடியது எளிது. தள்ளுபடி விலையில் பீர் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது உற்பத்தித் தேதி. மூடியில் துரு, கசிவு, உள்ளே மிதக்கும் திரள் ஆகியவை இருந்தால் தவிர்க்க வேண்டும். வீட்டில் மறந்துபோன பாட்டில் தேதி கடந்து சில வாரங்களே ஆகியிருந்து, குளிர்ந்த இருட்டில் இருந்திருந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. சுவை போயிருந்தால் கொட்டிவிடுவதே நல்லது; நாள்பட வைத்தால் சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

அரசுகள் செய்ய வேண்டியதும் கடினமானதல்ல. கலால் ஆண்டு மாறும்போதும், கொள்கை கைவிடப்படும்போதும், மதுவிலக்கு அறிவிக்கப்படும்போதும், பீருக்கு மட்டும் தேதி அடிப்படையிலான தனி ஏற்பாடு தேவை. ஆயுள் மீதமுள்ள சரக்கைப் புதிய உரிமதாரருக்கோ அண்டை மாநிலத்துக்கோ உடனடியாக மாற்ற அனுமதிப்பதும், காலாவதியானதை அதிகாரிகள் முன்னிலையில் அழித்துக் கணக்கை வெளியிடுவதும் அதில் அடங்கும். அழிக்கப்பட்டதன் கணக்கு வெளிப்படையாக இல்லாத இடத்தில், பழைய பாட்டில் மலிவு விலையில் கடைக்குத் திரும்பாது என்று வாங்குபவர் எதை நம்பி உறுதிகொள்வது?