பேருந்திலிருந்து இறக்கப்பட்ட பெயர்

நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரயில் பாதையில், இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவே பள்ளியாடி என்றொரு சிறிய நிலையம் இருக்கிறது. பயணிகள் ரயில்கள் சில நின்று போகும். விரைவு ரயில்கள் பெரும்பாலும் நிற்காமல் கடந்துவிடும். பெட்டிக்குள் இருப்பவர்களில் பலர் அந்தப் பெயர்ப் பலகையைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பள்ளியாடியில் 1895-ல் பிறந்தவர்தான் மார்ஷல் நேசமணி. 1956 நவம்பர் 1 அன்று குமரி மண் தமிழகத்தோடு இணைந்ததற்கு முன்னின்று போராடியவர். அவர் 1968-ல் மறைந்தார். அவர் ஊர் வழியாக ரயில் ஓடத் தொடங்கியது 1979-ல். ரயிலைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் அவர் பெயர் பின்னாளில் மாவட்டம் முழுக்கச் சக்கரத்தில் ஏறி ஓடியது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும், நம் அரசுப் பேருந்துகளில் எழுதியிருந்தது ‘நேசமணி போக்குவரத்துக் கழகம்’ என்றுதான்.

இன்று கல்லூரிக்குப் போகும் மாணவர் அந்தப் பெயரைப் பேருந்தில் பார்ப்பதில்லை. அரசு போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப் பெயர்தான் இருக்கிறது. நேசமணியின் பெயர் ஏன் போனது? நம் மாவட்டத்தில் யாரும் அவர் பெயரை எடுக்கச் சொல்லிப் போராடவில்லை. காரணம் விருதுநகரில் இருக்கிறது.

விருதுநகரில் நடந்தது

1997 மே மாதம், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்தை அன்றைய முதல்வர் மு.கருணாநிதியின் அரசு தொடங்கியது. அதற்கு வைக்கப்பட்ட பெயர் வீரன் சுந்தரலிங்கம். ஓட்டப்பிடாரம் அருகே கவர்னகிரியைச் சேர்ந்தவர். கட்டபொம்மனின் படைத்தளபதியாக நின்று வெள்ளையரை எதிர்த்து உயிர் கொடுத்த தலித் வீரர்.

கட்டபொம்மன் பெயரில் ஏற்கெனவே பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் எல்லோரும் ஏறினார்கள். அவருடைய தளபதியின் பெயர் வந்ததும், ‘இந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம்’ என்று ஆதிக்கச் சாதியினரில் ஒரு பகுதியினர் எதிர்த்தார்கள். எதிர்ப்பு கலவரமாக மாறித் தென்மாவட்டங்களில் பரவியது. பேருந்துகள் தாக்கப்பட்டன. உயிர்ப்பலிகளும் நேர்ந்தன.

அதே ஆண்டு ஜூலையில், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்கள் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கியது. அந்த முடிவில்தான் நம் பேருந்திலிருந்து நேசமணியும் இறங்கினார்.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. விருதுநகர்ப் பகுதி அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தனியார் பேருந்துகள் தலித் மக்களை ஏற்ற மறுத்தன. ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன், தலித் மக்களை ஏற்றாத பேருந்துக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவிட்டார். தலித்துகள் பேருந்தில் ஏற அன்று ஓர் உத்தரவு வேண்டியிருந்தது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழித்து அதே மண்ணில், தலித் ஒருவரின் பெயர் பேருந்தில் ஏற முடியாமல் போனது.

குரண்டியும் நாற்காலியும்

எல்லாப் பெயரையும் எடுத்ததால் கலவரம் அடங்கியது, யாருக்கும் பாகுபாடு இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. உயிர்கள் காப்பாற்றப்பட்டது பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏற மறுத்தவர்கள் கேட்டது என்ன? அந்தப் பெயர் இருக்கக்கூடாது என்பது. அது அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. மற்ற தலைவர்களின் பெயர்கள் ஆண்டுக் கணக்கில் ஓடிய பிறகு நின்றன. சுந்தரலிங்கத்தின் பெயர் சில வாரங்கள்தான் ஓடியது.

நேசமணி உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்க, அவரைப் பற்றி நம் ஊரில் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி போதும். திருவிதாங்கூர் ஆட்சியில் நாகர்கோவில் நீதிமன்றத்தில் மேல்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குக் குரண்டி. இளம் வழக்கறிஞராகப் போன நேசமணி, குரண்டிகளை உதைத்துத் தள்ளிவிட்டு எல்லோருக்கும் நாற்காலி போட வைத்தார். அதாவது, சமத்துவம் வேண்டும் என்பதற்காக எல்லோரையும் நிற்க வைக்கவில்லை. எல்லோரையும் உட்கார வைத்தார்.

அதே திருவிதாங்கூரில், அவர் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1893-ல் வெங்ஙானூரின் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் ஓட்டிப்போனார். தாக்க வந்தவர்களை எதிர்கொண்டுதான் போக முடிந்தது. நம் பக்கத்தில் வண்டியில் ஏறுவதே ஒரு போராட்டமாக இருந்த காலம் அது.

இன்றும் முடியவில்லை

குமரி மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு நான்கு பேர்தான் என்கிறது 2011 கணக்கெடுப்பு. எண்ணிக்கை குறைவு என்பதால் குரலும் எளிதில் கேட்பதில்லை. சொந்த வண்டி இல்லாத கூலித் தொழிலாளிக்குச் சாதாரணப் பேருந்தும் பயணிகள் ரயிலும்தான் வண்டி. கொரோனாவுக்குப் பிறகு பயணிகள் ரயில்களில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. பழையபடி 10 ரூபாயாகக் குறைந்தது 2024 பிப்ரவரியில்தான். பள்ளியாடி போன்ற சிறு நிலையத்தில் ஏறுபவருக்கு அந்த 20 ரூபாய் சின்னத் தொகையல்ல.

2021 மே முதல் பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகிறார்கள். வேலைக்குப் போகும் ஏழைப் பெண்ணுக்கு இது பெரிய கை. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் நாகர்கோவிலில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதை நாடே காணொளியில் பார்த்தது. ஓட்டுநரும் நடத்துநரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சட்டம் ஏறச் சொன்னாலும், இறக்கிவிடும் மனம் இன்னும் இருக்கிறது.

நேசமணிக்கு நாகர்கோவிலில் மணிமண்டபம் இருக்கிறது. அங்கே போகும் மாணவர்களிடம் ஆசிரியர்கள் எல்லைப் போராட்டத்தைச் சொல்கிறார்கள். கூடவே, அவர் பெயர் நம் பேருந்தில் ஓடியதையும், அது எதனால் நின்றது என்பதையும், வீரன் சுந்தரலிங்கம் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பெயரைத் திரும்ப எழுதுவது அரசின் கையில். காரணத்தை மறக்காமல் இருப்பது நம் கையில்.