டவுன் ஹைஸ்கூலும் ஓர் அரைச் சம்பளமும்



பாபநாசத்திலிருந்து கும்பகோணம் போய்ப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு டவுன் ஹைஸ்கூல் தெரியும். பிளஸ் டூ வந்து மேல்நிலைப்பள்ளி ஆன பிறகும் ஊரார் வாயில் அது டவுன் ஹைஸ்கூல்தான். கணித மேதை ராமானுஜன் படித்த பள்ளி என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவர் யார் தயவில் அங்கே படித்தார் என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. கல்வி உதவி கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் அறிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

1854-ல் கும்பகோணத்தில் அரசு ஒரு பள்ளியைத் தொடங்கியது. அது 1867-ல் கல்லூரியாக உயர்ந்தது. இன்று காவிரிக் கரையில் இருக்கும் அரசினர் கலைக் கல்லூரி அதுவே. அதே 1854-ல்தான், ஊரார் பள்ளிக்கூடம் நடத்தினால் அரசு மானியம் தரும் என்ற கொள்கையும் லண்டனிலிருந்து வந்தது. பத்து வருடம் கழித்து, 1864-ல், பெரிய தெருவில் இரண்டு வீடுகளில் டவுன் ஹைஸ்கூல் ஆரம்பமானது. பின்னாளில் கல்லூரி தன்னிடமிருந்த பள்ளி வகுப்புகளைக் கைவிட்டபோது, ஊர்ப் பெரியவர்கள் முன்வந்து இந்தப் பள்ளியைப் பெரிதாக்கினார்கள். பிள்ளைகள் எங்கே போவார்கள் என்ற கவலைதான் காரணம். நம் பகுதியில் பல பள்ளிகளும் மதரஸாக்களும் வந்த கதையும் ஏறக்குறைய இதுதான்.

அந்தக் காலத்தில் பள்ளிக்குக் கட்டும் பணத்தையும் சம்பளம் என்றே சொல்வார்கள். ராமானுஜனின் தகப்பனார் ஜவுளிக்கடைக் கணக்கர். மாதம் சுமார் 20 ரூபாய் வருமானம். 1897-ல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலாவதாகத் தேறியதால் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜனுக்கு அரைச் சம்பளம் போதும் என்றானது. 1898-ல் சேர்ந்தார். (மதராஸ் மாகாணத்தில் முஸ்லிம் பிள்ளைகளுக்கும் அரைச் சம்பளச் சலுகை இருந்தது. நம் முன்னோரில் சிலர் அதில் படித்திருக்கலாம்.)

பள்ளி அவரை நன்றாகவே பார்த்துக்கொண்டது. சுமார் 1,200 மாணவர்களையும் 35 ஆசிரியர்களையும் வைத்து வகுப்பு அட்டவணை போடும் வேலையை மூத்த கணித ஆசிரியர் அவரிடமே கொடுத்தார். 1904-ல் கணிதப் பரிசு வழங்கும்போது, நூற்றுக்கு நூறுக்கும் மேலே கொடுக்கத் தகுந்தவர் என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் மேடையில் பாராட்டினார்.

அதே ஆண்டு உதவித்தொகையுடன் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். விதிப்படி உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக்கு 32 ரூபாய் கட்ட வேண்டும். தகப்பனாரின் ஒன்றரை மாத வருமானம். தாயார் கல்லூரி முதல்வரிடம் போய்க் கேட்டும் பலனில்லை. 1905-ல் பையன் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் ஓடிப்போனார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேறவில்லை. கடைசியில் அவரைத் தாங்கியவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். சான்றிதழ் எதுவும் கேட்காமல், நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு மாதாமாதம் பணம் அனுப்பினார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. அடுத்த வருடம் கேம்பிரிட்ஜ் போனார்.

எல்லாப் பிள்ளையும் ராமானுஜன் அல்ல. அது எனக்கும் தெரியும். ஆனால் உதவித்தொகையை நிறுத்திய அந்த விதி நமது டிரஸ்டிலும் இருக்கிறது: ஒரு பாடத்தில் அரியர் இருந்தாலும் அடுத்த தவணை கிடையாது. விதி வைத்ததற்கு நியாயம் உண்டு. வளைகுடாவிலும் மலேசியாவிலும் உழைக்கும் சகோதரர்கள் அனுப்பும் பணம் இது; பைசாவுக்குக் கணக்கு சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு அந்த விதியைக் காட்டி ஒரு மாணவரின் மனுவில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான். அவருடைய அத்தா அலுவலகத்துக்கு வந்து, “அரியரை அவன் எழுதிடுவான் ஹஜ்ரத், பரீட்சைக்குப் பணம் கட்டத்தான் வழியில்லை” என்றார். என்னிடம் விதி இருந்தது, பதில் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது ஒரு கடையில் நிற்கிறார்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் ஒரு திருத்தம் வைக்கிறேன். முதல் முறை தவறியவருக்குத் தொகையை நிறுத்தாமல், பாதியாவது கொடுத்து, அரியர் தேர்வுக் கட்டணத்தையும் டிரஸ்டே கட்ட வேண்டும். இரண்டாம் முறை தவறினால் பெற்றோரையும் பிள்ளையையும் அழைத்துப் பேசிய பிறகே முடிவு செய்ய வேண்டும். சந்தாதாரர்கள் சம்மதத்தையோ ஆட்சேபத்தையோ கூட்டத்துக்கு முன்பே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். கடையில் நிற்கும் பிள்ளையின் மனு என் மேஜையில்தான் இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், திருத்தம் நிறைவேறினால் முதலில் எடுப்பது அதைத்தான்.